தலைப்பிரசவம் எங்கே? கடிகாரத்தை வைத்து ஒரு ஒப்பீடு

என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வயதுக்காரர்கள். பதினெட்டு, பத்தொன்பது, மிஞ்சிப்போனால் இருபத்தொன்று. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடிந்திருக்காது, வயிற்றில் ஐந்தாறு மாதம். "அக்கா, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது நல்லது?" என்று ஆரம்பிப்பார்கள். நான் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போகிற போக்கில் இன்னொரு வாக்கியம் வந்து விழும்: "வீட்டில் இன்னும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை." ரொம்ப நாள் நான் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்காமல் சொல்வதெல்லாம் அரைப் பதில்தான் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு பெற்றவள், மூத்தது பிறந்தபோது எனக்கு இருபது வயது. அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லாததைப் பிறகு தேடிப் படித்தேன், படித்ததைக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பரிசோதிக்கிறவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

பொதுவாக மூன்று வழிகளைத்தான் யோசிக்கிறார்கள். வீட்டிலேயே பெறுவது, பக்கத்திலிருக்கும் சின்ன சுகாதார நிலையம், ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை, பின்னால் வருகிறேன். அரசா தனியாரா என்ற கேள்வியைத்தான் குடும்பங்கள் முதலில் போட்டு உருட்டுகின்றன. என் கணக்கில் அது கடைசிக் கேள்வி.

ஒப்பிடுவதென்றால் எதை வைத்து? கட்டடத்தையா, டாக்டரின் பெயரையா, "அடுத்த தெருப் பெண் அங்கேதான் பெற்றாள், ஒரு குறையும் இல்லை" என்பதையா? கடிகாரத்தை வைத்துப் பாருங்கள் என்பேன். பிரசவத்தில் தாயின் உயிருக்கு உலை வைக்கும் சிக்கல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சிகிச்சையே கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு அவகாசம் தரும் என்றும் தோராயமாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் 2 மணி நேரம். பிறப்பதற்கு முன்பே உதிரப்போக்கு என்றால் 12 மணி நேரம். பிரஷர் ஏறி வலிப்பு வந்தால் 2 நாள். குழந்தை இறங்காமல் வழியில் சிக்கிக்கொண்டால் 3 நாள். கிருமி தொற்றினால் 6 நாள். இதெல்லாம் சராசரிதான், ஒரு பெண்ணுக்கு இதைவிட வேகமாகவும் முடிந்துவிடலாம். ஆனாலும் இந்த ஐந்து எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பார்த்தால், எந்த இடம் எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்பது பாதிக்கு மேல் தெளிவாகிவிடும். 2023இல் உலகம் முழுக்கச் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, அதாவது ஒரு நாளைக்கு 700க்கும் மேல். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மருந்து கண்டுபிடிக்கப்படாத வியாதியால் வந்தவை அல்ல. மருந்து இருக்கிறது, அது நேரத்துக்குக் கைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை 1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொன்னார்கள். கிளம்பலாம் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பிறகு கவனிப்பு கிடைப்பதில் ஒன்று. நாம் ஆஸ்பத்திரிகளை ஒப்பிடும்போதெல்லாம் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் அளக்கிறோம். புதிதாகக் கல்யாணமான சின்னப் பெண்ணுக்கு முதலாவதுதான் நீளம். நடு இரவு ஒரு மணிக்குத் துணி நனைகிறது. வெறும் தண்ணீரா, பனிக்குடமா என்று அவளுக்குத் தெரியாது. கணவனை எழுப்பலாமா என்று அரை மணி நேரம். அவன் எழுந்து அம்மாவைக் கேட்கப் போகிறான், அம்மா வந்து பார்த்து "விடியட்டும்" என்கிறார், பணம் இருக்கும் பெட்டியின் சாவி இன்னொருவரிடம். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் போய்விட்டது, இன்னும் யாரும் வாசற்படியைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே உலகத்தரமான ஆஸ்பத்திரி இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தை அது திருப்பித் தராது.

சரி, வீட்டிலிருந்து தொடங்கலாம். வீட்டுப் பிரசவத்தை விரும்புகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். தெரிந்த முகங்கள், தன் பாய் தன் கூரை, யாரும் அதட்ட மாட்டார்கள், செலவும் குறைவு. முன்பு ஒருமுறை லேபர் வார்டில் அவமானப்பட்ட அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் "அங்கே மட்டும் போகாதே" என்பது அவரிடமிருந்துதான் வரும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் தலைப்பிரசவத்துக்கு வீடு வேண்டாம் என்பதுதான் என் முடிவு, அதற்குக் காரணம் வீட்டில் பார்க்க வருகிறவரின் திறமைக்குறைவு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஆபத்துக் குறைவான சுமார் 64,000 பிரசவங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. அங்கே வீட்டுக்கு வருவது முறையாகப் படித்த மருத்துவச்சி, வாசலில் சாலை, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ். அப்படியிருந்தும், வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல்முறைத் தாய்மார்களில் 100க்கு 45 பேரைப் பாதியில் அல்லது பிரசவம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்கு மோசமான விளைவு ஏற்பட்டது டாக்டர்கள் நடத்தும் பிரசவப் பிரிவில் 1000க்கு 5.3, வீட்டில் திட்டமிட்டவர்களுக்கு 9.3. அதே ஆய்வில் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இப்படிக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை, அவர்களில் மாற்றப்பட்டவர்கள் 100க்கு 12 பேர்தான். ஆகவே "நான் நாலு பெற்றேன், நாலும் இந்த அறையில்தான்" என்று மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருடைய மூன்றாவது பிரசவத்தையும் உங்கள் முதல் பிரசவத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தலைப்பிரசவத்தில் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. பாதிப் பேரை மாற்ற வேண்டிவரும் என்றால், வண்டியும் சாலையும் நிச்சயமில்லாத இடத்தில் நடு இரவில் அந்தப் பாதியில் நீங்கள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து சின்ன நிலையம், நர்ஸோ மருத்துவச்சியோ நடத்துவது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் குடும்பங்கள் ரொம்பக் குறைத்து மதிக்கின்றன, சில சமயம் ரொம்ப நம்பவும் செய்கின்றன. அதே இங்கிலாந்து ஆய்வில் மருத்துவச்சிகள் நடத்தும் தனி மையங்களுக்குப் போன முதல்முறைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, தாய்க்குக் கத்தி வைப்பதும் குறைவு. ஆனால் அங்கிருந்தும் 100க்கு 36 பேர் மாற்றப்பட்டார்கள். சின்ன நிலையம் நல்ல இடமா என்பது அதன் சுவருக்குள் மட்டும் தீர்மானமாவதில்லை. அங்கிருந்து கிளம்பும் வண்டி எவ்வளவு நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்பதும் அந்த நிலையத்தின் ஒரு பகுதிதான்.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு பட்டியல் உண்டு, ஏழு வேலைகள். கிருமிக்கு ஊசி போடத் தெரிய வேண்டும், கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தத்தை நிறுத்தும் மருந்து, வலிப்புக்கு ஊசி, வராமல் நிற்கும் நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, உள்ளே தங்கிவிட்டதைச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் வேக்குவம் வைத்துக் குழந்தையை எடுப்பது, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது. இந்த ஏழோடு சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால் அது பெரிய ஆஸ்பத்திரியின் தரம். முன்பு சொன்ன அந்த ஐந்து எண்களோடு சேர்த்துப் பாருங்கள். ஏழும் உண்மையிலேயே நடக்கிற சின்ன நிலையம் அந்த 2 மணி நேர ஆபத்தைப் பெரும்பாலும் அங்கேயே அடக்கிவிடும், வலிப்புக்கு முதல் ஊசியைப் போட்டு அனுப்பிவிடும். குழந்தை சிக்கிக்கொண்டால் அதனால் முடியாது, ஆனால் அதற்கு அவகாசம் கொஞ்சம் அதிகம்.

"உண்மையிலேயே நடக்கிற" என்பதில்தான் சூட்சுமம். பெயர்ப்பலகையில் 24 மணி நேரம் என்று இருக்கும், இரவு பத்து மணிக்குப் போனால் பூட்டு தொங்கும். ஆகவே ஏழாம் மாதத்தில் ஒருமுறை இரவில் போய்ப் பாருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, மேசை இழுப்பறையில் கிடந்தால் வீரியம் போய்விடும், போட்டும் பயனில்லை. (அதே வேலைக்கு, வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது, கிடைக்கிற இடங்களில் அதையும் வைத்திருப்பார்கள்.) கடைசியாக எப்போது ஒருவரைப் பெரிய இடத்துக்கு அனுப்பினீர்கள், எந்த வண்டியில், எவ்வளவு நேரமாயிற்று என்றும் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கூட வருகிறவரைக் கேட்கச் சொல்லுங்கள். எரிச்சல்படாமல் பதில் சொன்னார்கள் என்றால் அதுவே நல்ல அறிகுறி.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பலம் வெளிப்படை. தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து டாக்டர், குறைமாதக் குழந்தைக்கு இடம், கையிருப்பில் வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட். இந்தக் கடைசி மருந்து மலிவானது, பழையது. 33 நாடுகளில் கர்ப்பத்தில் பிரஷர் ஏறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான பரிசோதனையில் இது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. குறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் நீளமாகச் சொல்கிறேன். முதல் குறை, பெரிய இடத்திலும் மூன்றாவது தாமதம் உண்டு. ரத்தம் எவ்வளவு போயிற்று என்று கண்ணால் மதிப்பிட்டே பழகிவிட்டார்கள், கண் குறைத்துத்தான் மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து ரத்தத்தை அளந்தார்கள், அளவு தாண்டியதும் சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் மொத்தமாகக் கொடுத்தார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அந்த மருந்துகள் எல்லாம் அதே ஆஸ்பத்திரிகளில் முன்பும் இருந்தவைதான்.

இரண்டாவது குறை, சின்னப் பெண்களை அங்கே நடத்தும் விதம். கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரசவ அறையிலேயே ஆய்வாளர்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள், 2019இல் வெளியானது. கவனித்த 2,016 பெண்களில் 838 பேர் அடியோ திட்டோ இழிவோ பட்டார்கள். யாருக்கு அதிகம் விழுந்தது தெரியுமா? வயதில் சின்னவர்களுக்கும் படிப்பு குறைந்தவர்களுக்கும். எப்போது அதிகம்? பிறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்திலிருந்து பிறந்த பிறகு கால் மணி நேரம் வரை, அதாவது ஒரு பெண் எழுந்து போகவோ எதிர்த்துப் பேசவோ முடியாத நேரத்தில். எனக்கு அந்த நாற்பத்தைந்து நிமிடங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. "கத்துகிறாயே, அப்போது தெரியவில்லையா?" என்று ஒருவர் கேட்டதும், அதற்கு அறையில் இருந்த இன்னொருவர் சிரித்ததும். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, அன்றைக்கு வந்தது வெட்கம். அந்த வெட்கத்தில் பிறகு ரத்தம் அதிகமாகப் போகிறதோ என்று தோன்றியதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை, என் அதிர்ஷ்டம். அதட்டுவது மரியாதைக் குறைவு என்பதோடு நிற்பதில்லை, நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது, அப்புறம் கடிகாரம் ஓடுவது யாருக்கும் தெரிவதில்லை.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1840களில் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன, ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். எந்தப் பிரிவு என்பது போய்ச் சேரும் நாளைப் பொறுத்தது. முதல் பிரிவில் காய்ச்சல் கண்டு இறப்பவர்கள் இரண்டாவதைவிடப் பல மடங்கு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது, முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847இல் கண்டுபிடித்துக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார், இறப்பு சடாரென்று இறங்கியது. காரணம் தெரியாமலேயே பெண்கள் சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதனால்தான் ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி அங்கே பெற்ற பெண்கள் சொல்வதை "பேச்சு" என்று தள்ளாதீர்கள் என்கிறேன். ஆனால் "நன்றாகப் பார்த்தார்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "வலியில் இருந்தபோது உன்னோடு யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள்.

துணை என்பது ஆறுதலுக்கு மட்டும் இல்லை. 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில், வலி நேரம் முழுக்கக் கூடவே ஒருவர் இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் சற்றுக் குறைவு. அவள் விரும்புகிற ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அவள் விரும்புகிற ஒருவர், வீட்டார் அனுப்புகிற ஒருவர் இல்லை. மாமியார் முன்னால் கத்தக்கூடக் கூச்சப்படும் பெண்ணுக்கு மாமியாரைத் துணைக்கு வைத்தால் அது துணை ஆகாது. மற்றதெல்லாம் சமமாக இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், துணையை உள்ளே விடும் இடத்துக்குப் போங்கள். இதற்கு மேல் நான் யோசிக்கவே மாட்டேன்.

சிசேரியன் பயத்தால் பெரிய ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேவையில்லாமல் கத்தி வைக்கும் இடங்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாட்டின் மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதைக் கூட்டுவதால் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. ஆனால் அது நாட்டுக்கான கணக்கு, உங்கள் வயிற்றில் குறுக்கே கிடக்கும் குழந்தைக்கான கணக்கு இல்லை. வலி நிதானமாக ஏறுகிறது என்பதற்காக மட்டும் கத்தி எடுக்க வேண்டியதில்லை. கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வலி தீவிரக் கட்டத்துக்கு வந்ததாக இப்போது எடுத்துக்கொள்கிறார்கள், அங்கிருந்து முழுக்கத் திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். மணிக்கு ஒரு செ.மீ. என்ற பழைய விதியைக் கைவிட்டு 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலே வந்துவிட்டது.

இப்போது அந்த நான்காவது வழி. வீட்டுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஆறு, மலை, மழையில் உடையும் சாலை என்று ஏதாவது இருந்தால், நாள் நெருங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுவது. இதற்கென்றே காத்திருப்பு இல்லங்கள் பல நாடுகளில் உண்டு, கியூபா 1960களிலேயே ஆரம்பித்துவிட்டது. இல்லம் இல்லாவிட்டால் உறவினர் வீடு, ஒரு வாடகை அறை. இதில் சிக்கல் மருத்துவம் இல்லை, வீட்டு வேலையை யார் செய்வது, அவளோடு யார் போய் இருப்பது, இரண்டு வாரச் செலவு யார் தலையில் என்பதுதான். இந்தக் கணக்குகள் தீராததால்தான் நல்ல வழி ஒன்று யோசிக்கப்படாமலேயே போகிறது. கடைசி நேரத்தில் ஊர் மாறுவதாக இருந்தால் பரிசோதனைக் காகிதங்களைக் கையோடு எடுத்துப் போங்கள், புது இடத்தில் வலிக்கு முன்பே ஒருமுறையாவது முகம் காட்டிவிடுங்கள். பழைய இடத்தில் எட்டு முறை பார்த்திருந்தாலும் புது இடத்துக்கு நீங்கள் வெறும் தாள்தான்.

எட்டு முறை என்று சும்மா சொல்லவில்லை, 2016 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண் அது, முதலாவது 12 வாரத்துக்குள். புதுப்பெண்கள் பலர் ஐந்தாம் மாதம்வரை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள், வெட்கம், கண் படும் என்ற பயம். அதற்குள் ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டிய நேரம் பாதி போய்விடுகிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் கர்ப்பத்தில் அது ரத்தசோகை, ரத்தம் குறைவாக இருப்பவருக்கு அந்த 2 மணி நேரம் ஒன்றரையாகவோ ஒன்றாகவோ சுருங்கலாம். இந்தப் பரிசோதனைகளில் தெரிவதுதான் சின்ன நிலையமா பெரிய இடமா என்பதையும் முடிவு செய்யும். பிரஷர் 140/90ஐத் தொட்டது, இரட்டைக் குழந்தை, குழந்தையின் தலை கீழ்நோக்கி இல்லை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் மிகக் குறைவு, சர்க்கரை, இதில் ஒன்று இருந்தாலும் ஒப்பீட்டுக்கே வேலையில்லை, பெரிய ஆஸ்பத்திரிதான். வயதும் ஒரு காரணம்: 10 முதல் 19 வயதுத் தாய்மார்களுக்கு 20 முதல் 24 வயதுக்காரர்களைவிட வலிப்பும் கருப்பைத் தொற்றும் அதிகம், குழந்தை எடை குறைவாகவோ முன்கூட்டியோ பிறப்பதும் அதிகம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு நான் சின்ன நிலையத்தைச் சொல்ல மாட்டேன்.

அரசா தனியாரா? முன்பே சொன்னதுபோல் கடைசிக் கேள்வி. இரவில் தியேட்டர் திறக்குமா, ரத்தம் அங்கேயே இருக்கிறதா அல்லது நீங்கள் ஓட வேண்டுமா, துணையை விடுவார்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லும் இடம் யாருடையதாக இருந்தாலும் சரி. கடன் வாங்கிப் போகும் தனியார் இடத்தில் ஓர் ஆபத்து, பில் ஏறுகிறதே என்று பிரசவம் முடிந்ததும் வீட்டார் அவசரப்பட்டு அழைத்துவந்துவிடுவார்கள்.

அந்த அவசரம்தான் எனக்கு ரொம்பப் பயம். பிறந்தாயிற்று, பிழைத்தாயிற்று, எல்லோரும் குழந்தையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்து எண்களில் முதலில் இருக்கும் உதிரப்போக்கும் கடைசியில் இருக்கும் தொற்றும் பிறந்த பிறகு வருபவை, வலிப்பும் பிறந்த பிறகு வரலாம். குறைந்தது 24 மணி நேரம் அங்கேயே இருங்கள். அதன்பின் இரண்டு மூன்று நாளில் ஒருமுறை, இரண்டாவது வாரத்தில் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றமுள்ள கசிவு இருந்தால், விடாத தலைவலியோ கண் மங்கலோ வந்தால், ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். "பச்சை உடம்பு, வெளியே போகக்கூடாது" என்று நிறுத்துகிறவர்களிடம், பச்சை உடம்பு என்பதால்தான் போகிறேன் என்று சொல்லுங்கள்.

எல்லாம் சேர்த்து என் வரிசை இது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவு இருந்தால் தலைப்பிரசவத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை, பிரச்சினை என்றால் ஒரு தாழ்வாரம் தாண்டினால் தியேட்டர். அது இல்லாவிட்டால், துணையை விடும் பெரிய ஆஸ்பத்திரி, அதுவும் வீட்டிலிருந்து இரவிலும் ஒரு மணி நேரத்துக்குள் எட்டுமானால். அது தூரம், ஆனால் ஏழு வேலையும் நடக்கிற சின்ன நிலையம் பக்கத்தில் இருக்கிறது, பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை, வண்டி நிச்சயம் என்றால் சின்ன நிலையம். இரண்டும் சரிவராவிட்டால் முன்கூட்டியே போய்த் தங்குவது. வீடு இந்த வரிசையில் இல்லை.

அப்புறம் அந்த இரண்டாவது வாக்கியம், வீட்டில் யாரும் பேசவில்லை என்பது. இதற்கு நான் சொல்வது கொஞ்சம் அற்பமாகத் தோன்றலாம். "எங்கே பெறுவது?" என்று வீட்டில் கேட்காதீர்கள், அது பெரிய கேள்வி, பெரியவர்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "இரவில் எனக்கு வலி வந்தால் யாரை எழுப்புவது?" என்று கேளுங்கள். அதற்கு யாரும் கோபப்பட முடியாது, ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த வாரம், "அவர் ஊரில் இல்லாவிட்டால்?" அதற்கடுத்து, "வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, எண் என் போனில் இருக்கட்டுமா?" பிறகு, "கொஞ்சம் பணத்தைத் தனியாக இந்த டப்பாவில் போட்டு வைக்கட்டுமா?" பொய்வலிக்கு இரண்டு முறை ஓடிப்போய்த் திரும்பிய வீட்டில் மூன்றாவது முறை யாரும் எழ மாட்டார்கள், அதனால் "பொய்வலி என்றாலும் கோபிக்காமல் கூட்டிப்போவீர்களா?" என்பதையும் சிரித்துக்கொண்டே கேட்டு வையுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது ஒருமுறை கணவரையும் ஒருமுறை மாமியாரையும் கூட்டிப்போய், ஆபத்து அறிகுறிகளை நர்ஸ் வாயாலேயே அவர்கள் காதில் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பயம், நர்ஸ் சொன்னால் விவரம்.

ரத்தம், வலிப்பு, விடாத தலைவலி, பனிக்குடம் உடைந்தது, குழந்தை அசைவு குறைந்தது. இந்த ஐந்துக்கு மட்டும் யாரையும் கேட்காமல் கிளம்பலாம் என்ற சம்மதத்தை எட்டாம் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். போன மாதம் ஒரு பெண் அதை ஒரு தாளில் எழுதி, கீழே மாமனாரிடம் கையெழுத்தே வாங்கி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருந்தாள். மாமனார் முதலில் சிரித்தாராம், அப்புறம் தாளை வாங்கி, அடியில் தன் கையாலேயே வண்டிக்காரரின் எண்ணையும் எழுதிக் கொடுத்தாராம்.